கோழிக்கொட்டகைக் காட்சி

"அந்தக் கோழிக்கொட்டகையை எடுத்துடு" என்றாள் கன்செப்டா.

அவள் கையில் ஆப்பிள் டார்ட் இருந்தது. துணி போட்டு மூடிய, சூடு ஆறாத டார்ட். கில்கோரன் கிராமத்தில் ஒருத்தி இன்னொருத்தி வீட்டுக்கு ஆப்பிள் டார்ட்டோடு வந்தால், ஒன்று அந்த வீட்டில் சாவு விழுந்திருக்க வேண்டும், இல்லையென்றால் வந்தவள் பெரிதாக எதையோ கேட்கப் போகிறாள் என்று அர்த்தம். அட்ராக்டா மல்ஹெர்ன் வீட்டில் சாவதற்கு அவளைத் தவிர வேறு ஆள் கிடையாது.

"எந்தக் கோழிக்கொட்டகை?" என்றாள் அட்ராக்டா, கெட்டிலில் தண்ணீர் பிடித்தபடி.

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்காதே. உன் நாடகத்துல வர்றதுதான். பொண்டாட்டி புருஷனை உள்ள தள்ளிப் பூட்டறாளாமே. என் அக்கா பொண்ணுதானே உங்களுக்கு உடுப்பு தைக்கறா? எல்லாம் சொல்லிட்டா."

"அது உன் கதை இல்லை கன்செப்டா."

"பின்ன யார் கதை?"

அட்ராக்டா கெட்டிலை அடுப்பில் வைத்தாள்.

சிக்கல் அந்தக் கேள்வியில்தான் இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அட்ராக்டா ஒரு சின்ன டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். மலையடிவாரத்துப் பண்ணை வீடுகளின் சமையலறைகளில் உட்கார்ந்து, பெண்கள் சொல்லச் சொல்லக் கேட்டாள். பிரசவம், பால் கறவை, மாமியார், மழை, அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பாத தங்கைகள் என்று என்னென்னவோ வந்தது. எல்லாவற்றையும் கோத்து ஒரு நாடகம் எழுதினாள். ஊர் நாடகக் குழுவை வைத்து இருபது வருஷமாக யார் யாரோ எழுதியதை மேடையேற்றியவளுக்கு இது சொந்தமாக எழுதிய முதல் நாடகம். அடுத்த வாரம் சனிக்கிழமை தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் அரங்கேற்றம்.

கதை சொன்ன ஒவ்வொருத்தியிடமும் அவள் சத்தியம் செய்து கொடுத்திருந்தாள். யார் எதைச் சொன்னது என்பது தன்னோடு மண்ணுக்குள் போகும் என்று. அந்தச் சத்தியம் இல்லையென்றால் ஒருத்தியும் வாய் திறந்திருக்க மாட்டாள்.

கோழிக்கொட்டகைக் கதையைச் சொன்னது கன்செப்டா அல்ல. அவள் வீட்டுக்கு அட்ராக்டா போனபோது, "எங்கிட்ட என்ன கதை இருக்கு? மாடு இருக்கு, டொமினிக் இருக்கான்" என்று வாசலோடு அனுப்பிவிட்டாள். சொன்னது மலைப்பாதையின் கடைசி வீட்டில் இருக்கும் பிரீஜ் டான்ஸி. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவள். கொட்டுகிற மழையில் தொப்பலாக நனைந்து போய் உட்கார்ந்திருந்த அட்ராக்டாவிடம், தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னாள். கழுவின தரையில் சேற்றுக் காலோடு நடந்தானாம் புருஷன். அன்றைக்குக் கால்பந்து இறுதிப் போட்டி. முட்டை எடுக்கப் போனவனைக் கோழிக்கொட்டகையில் வைத்துத் தாழ்ப்பாள் போட்டுவிட்டாளாம். சமையலறை ஜன்னலில் ரேடியோவை வைத்து, கூட்டத்தின் கூச்சல் மட்டும் அவனுக்குக் கேட்கிற அளவுக்கு, ஸ்கோர் கேட்காத அளவுக்குச் சத்தத்தைத் திருகி வைத்தாளாம்.

அந்த ரேடியோவுக்காகவே அட்ராக்டா அந்தக் காட்சியை நாடகத்தின் நடுநாயகமாக வைத்தாள். அதற்கப்புறம் பிரீஜின் கணவன் மாலக்கியைக் கோயிலில் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு மனசு இளகிவிடும். பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து அவனுக்குத் தாராளமாக இடம் விடுவாள்.

"சொல்லு. யார் கதை?" என்றாள் கன்செப்டா மறுபடியும்.

"அதைச் சொல்ல முடியாது."

"என் கதைங்கறதாலதான் சொல்ல முடியலை." கன்செப்டா டார்ட்டை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "ஒரே ஒரு தடவைதான் அட்ராக்டா. டொமினிக் என் கிடாரியை வித்துட்டான். பால்புட்டி வச்சு நான் வளர்த்த கிடாரி. என்னை ஒரு வார்த்தை கேக்கலை. அப்ப எனக்குக் கண்ணு மண்ணு தெரியலை. போட்டேன் தாழ்ப்பாளை."

அட்ராக்டாவின் கையிலிருந்த கரண்டி நின்றது. இந்த மலையடிவாரத்தில் எத்தனை பேர்தான் புருஷனைக் கோழிகளோடு பூட்டியிருக்கிறார்கள்?

"அதுவும் மேட்ச் நாளா வச்சிருக்கியாமே" என்றாள் கன்செப்டா.

கணவனைப் பூட்டி வைக்க நினைக்கிற எவளும் வேறு எந்த நாளைத் தேர்ந்தெடுப்பாள் என்று அட்ராக்டா தனக்குள் கேட்டுக்கொண்டாள். கிடாரி வேறு, சேற்றுக் கால் வேறு. ஆக, இரண்டு பெண்கள், இரண்டு கொட்டகைகள்.

"மேட்ச் முடிவை மாத்திரம் அப்புறம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டான். அந்தக் கடைசி நிமிஷ கோல் இருக்கே, அது கோலே இல்லைன்னு இன்னிக்கு வரைக்கும் பப்ல உக்காந்து சண்டை போடறான். பார்க்கவே இல்லைன்னு தெரிஞ்சா அவன் ஊர்ல தலை காட்ட முடியுமா? எடுத்துடு அட்ராக்டா. உனக்குப் பூட்டறதுக்கு ஆள் இல்லை, இதெல்லாம் புரியாது."

டார்ட் அருமையாக இருந்தது. அட்ராக்டா எடுத்துவிடுவதாக ஒப்புக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து மாற்றி எழுதினாள். கோழிக்கொட்டகை வேண்டாம், மேட்ச் வேண்டாம். மாடுகளை ஏற்றிப் போகிற டிரெய்லர். கணவன் உள்ளே வைக்கோலைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது மனைவி கதவைச் சாத்தி, காரில் மாட்டி, சந்தை வரைக்கும் இழுத்துப் போகிறாள். இது முழுக்க முழுக்கக் கற்பனை. எழுதும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்ததும் வின்னி லாஃப்டஸ் அவளுடைய முழங்கையைப் பிடித்தாள்.

வின்னி மகளிர் சங்கத் தலைவி. நாலு பேருக்கு முன்னால் தொப்பி இல்லாமல் நிற்காதவள். பங்கு மண்டபத்தின் சாவி அவள் கைப்பையில்தான் இருக்கும்.

"அட்ராக்டா, கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க" என்றாள், உதடு அசையாமல். கல்லறைகளுக்கு நடுவே கூட்டிப்போய் நிறுத்தினாள். "டிரெய்லரைப் பத்தி உங்ககிட்ட யார் சொன்னது?"

"எந்த டிரெய்லர்?"

"நேத்து ஒத்திகையில எங்க சங்கத்துப் பொண்ணுங்க ரெண்டு பேர் இருந்தாங்க."

"யாரும் சொல்லலை வின்னி. நானே யோசிச்சு எழுதினது. ஆண்டவர் சத்தியமா."

"இந்த மாதிரியெல்லாம் யோசிக்க முடியாது" என்றாள் வின்னி. "இது நடந்தாத்தான் உண்டு. எங்கம்மாவை என் வீட்டுக்காரர் கேலி பண்ணினார். அவங்க நடக்கற மாதிரி நடந்து காட்டினார். அதுவும் கிறிஸ்மஸுக்கு. டிரெய்லருக்குள்ள என்னவோ தேடப் போனார். நான் சாத்தினேன். சந்தைக்கே கொண்டுபோயிட்டேன். அங்க ஒருத்தன் கதவைத் திறந்து பார்த்து, 'இதுக்கு எவ்வளவு எடை?'ன்னு கேட்டான்."

அட்ராக்டாவுக்கு இருமல் வந்தது. சிரிப்பை இருமலாக மாற்றுவதில் அவளுக்கு முப்பது வருஷ வகுப்பறைப் பயிற்சி உண்டு.

"டிரெய்லர் மேடைக்கு வந்தா சாவி வராது" என்றாள் வின்னி. தொப்பியைச் சரிசெய்துகொண்டு சாமியாரிடம் வானிலை பேசப் போய்விட்டாள்.

மறுநாள் ஒத்திகையில் அட்ராக்டா புதிய காகிதங்களை நீட்டினாள்.

மனைவியாக நடிப்பவள் கிரான்யா. கூட்டுறவுக் கடையில் வேலை பார்க்கிறவள், இருபத்தைந்து வயசிருக்கும், அட்ராக்டாவிடம் படித்தவள். கணவனாக நடிப்பவன் தபால்காரன் அல்டன். பனைமரம் மாதிரி உயரம். அவனும் அவளிடம் படித்தவன்தான். இரண்டு பேருமே இன்னமும் அவளை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மறுபடியுமா மிஸ்?" என்றாள் கிரான்யா. "டிரெய்லரை இப்பதான் மனப்பாடம் பண்ணினேன்."

"இது சுலபம்மா. பூட்டறதே கிடையாது. புல் அறுக்கற நாள். வயல்ல ஆம்பளைங்க வேலை செய்யறாங்க. சமைச்சுப் போட வேண்டியவ அடுப்பை அணைச்சுட்டு, பஸ் ஏறி பண்டோரன் கடற்கரைக்குப் போயிடறா. ஐஸ்கிரீம் சாப்பிடறா. கால் நனைக்கறா. சாயங்காலம் வந்து, பல் டாக்டர்கிட்ட போயிருந்தேன்னு சொல்லிடறா. அவ்வளவுதான்."

கிரான்யா காகிதத்தைப் பார்த்தபடியே நின்றாள். உதடு துடித்தது.

"என்னம்மா?"

"மிஸ், இது எங்கம்மா."

"என்னது?"

"நானும் கூடப் போயிருந்தேன். அப்ப எனக்கு ஏழு வயசு. உங்க கிளாஸ்தான் மிஸ். சொன்னா கொன்னுடுவேன்னாங்க." கிரான்யா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "வெயில்ல அம்மா மூஞ்சியெல்லாம் சிவந்து வீங்கிப் போச்சு. அதைப் பார்த்துட்டு அப்பா, பல் டாக்டர் என்னமோ பண்ணிட்டான்னு நினைச்சுட்டார். பயந்துட்டார் மிஸ். அன்னியிலேர்ந்து பல் டாக்டர் பக்கமே போனது கிடையாது. இப்ப அவருக்கு முன் பல் மூணு இல்லை."

"அடக் கடவுளே."

"சனிக்கிழமை முன்வரிசையில வந்து உக்காருவார். அவர் மூஞ்சியைப் பார்த்துட்டு நான் இதை எப்படிச் சொல்லுவேன்?"

அல்டன் தொண்டையைச் செருமினான். "மிஸ், பேசாம ஏதாவது டிராக்டர், மெஷின்னு வச்சு எழுதுங்களேன். மனுஷங்களை வச்சாத்தானே வம்பு."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. அட்ராக்டா அங்கேயே, மண்டபத்துப் பியானோவின் மேல் காகிதத்தை வைத்து எழுதினாள். கணவன் பெண்டாட்டியின் பிறந்தநாளை மறந்துவிடுகிறான். ஆனால் புதுசாக வாங்கின டிராக்டருக்கு மட்டும் தினம் ராத்திரி குட் நைட் சொல்கிறான். ஒருநாள் அவள் கைபிரேக்கை எடுத்துவிட்டு, பின்னாலிருந்து ஒரு தள்ளு. டிராக்டர் மெதுவாக, மரியாதையாக ஏரிக்குள் இறங்குகிறது.

அல்டன் வாங்கிப் படித்தான். பாதியில் நிறுத்தினான்.

"இதை உங்களுக்கு யார் மிஸ் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலை அல்டன். உன் கண்ணு முன்னாலதானே எழுதினேன்."

"இவ எதுக்குத் தள்ளறா?"

"பிறந்தநாளை மறந்துட்டான்னு."

அல்டன் விரல்விட்டு எண்ணினான். ஏப்ரல், மே என்று முணுமுணுத்தான். அப்புறம் மேடை விளிம்பில் மெதுவாக உட்கார்ந்தான். உயரமான மனுஷன் என்பதால் உட்காருவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"என் டிராக்டர் ஏரிக்குள்ள போனப்ப, கைபிரேக் கோளாறுன்னு நான் கம்பெனிக்கு எழுதிப் போட்டேன் மிஸ்" என்றான். "ஒருத்தர் டப்ளின்லேர்ந்து நேர்ல வந்தார். ஏரிக்கரையில தொப்பியைக் கழட்டிட்டு நின்னு மன்னிப்பு கேட்டார். அவருக்கு டீ போட்டுக் குடுத்ததே என் பொண்டாட்டி பெர்னிதான். 'பரவாயில்லைங்க, மெஷின்னா அப்படித்தான்'னு ஆறுதல் வேற சொன்னா."

"அல்டன், இது வெறும் கற்பனைப்பா."

"மே பதினாலு பெர்னி பிறந்தநாள்" என்றான் அல்டன். கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

அன்று இரவு அட்ராக்டாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாடகம் கெட்டால் போகிறது, ஒரு குடும்பமே கெட்டுவிட்டதே என்று கிடந்தாள். காலையில் அல்டன் தபாலோடு வந்து நின்றபோது அவள் கதவை ஒருக்களித்துத்தான் திறந்தாள்.

"கேட்டேன் மிஸ்" என்றான்.

"என்னப்பா சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலை. மேஜையைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சா. மூச்சு முட்டற வரைக்கும் சிரிச்சா. அப்புறம் நானும் சிரிச்சுட்டேன். ஆனா மிஸ், மேடையில வேண்டாம். அந்த டப்ளின்காரர் காதுக்குப் போச்சுன்னா பாவம், மனசு ஒடிஞ்சு போயிடுவார்."

அட்ராக்டாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் காட்சி போய்விட்டது.

கொட்டகையும் கூடாது, டிரெய்லரும் கூடாது, கடலும் கூடாது, ஏரியும் கூடாது. கற்பனை என்று எதை எழுதினாலும் அது ஏதாவது ஒரு வீட்டுக் கொல்லையில் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. அவள் ஒன்றைக் கவனித்தாள். எடுத்துவிடு, எடுத்துவிடு என்று வந்தவர்கள் எல்லோரும் முழுக்கதையையும் நின்று நிதானமாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ரிக்கார்டரைக் கொண்டுபோய் நீட்டியபோது அவர்களில் ஒருத்தியாவது சொன்னாளா? அதைப் பற்றி யோசிக்க அவளுக்கு நேரமில்லை. பேனாவை எடுத்துக் காட்சியை மொத்தமாக அடித்தாள். அந்த இடத்தில், 'மனைவி கணவனுக்குத் தேநீர் கொடுக்கிறாள். இருவரும் மழையைப் பற்றிப் பேசுகிறார்கள்' என்று எழுதினாள்.

"மழையைப் பத்தியா?" என்றான் அல்டன் அடுத்த ஒத்திகையில்.

"மழை யாரோட சொந்தக் கதையும் இல்லை" என்றாள் அட்ராக்டா.

சனிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. வின்னி புதுத் தொப்பியோடு வந்து கதவைத் திறந்துவிட்டு, கணவனோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். கன்செப்டாவும் டொமினிக்கும் நடுவில் இருந்தார்கள். கிரான்யாவின் அப்பா முன்வரிசையில், வாயை மூடியபடி. பிரீஜும் மாலக்கியும் கடைசி வரிசையில் சுவரோரமாக. பெயின்ட் அடித்து முடித்த கோழிக்கொட்டகையைத் தூக்கிப் போட இடமில்லாததால், அது மேடை ஓரத்தில் ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றது. அட்ராக்டா திரைக்குப் பின்னால் வசனக் காகிதங்களைப் பிடித்தபடி நின்றாள்.

முதல் பாதி ஒழுங்காகப் போனது. பிரசவக் காட்சியில் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள். அமெரிக்கத் தங்கையின் கடிதம் வந்தபோது மண்டபம் அமைதியாக இருந்தது. அதற்கப்புறம் தேநீர்க் காட்சி வந்தது.

"மழை வர்ற மாதிரி இருக்கு" என்றாள் கிரான்யா.

"ஆமா. நேத்தும் வந்தது" என்றான் அல்டன்.

"நாளைக்கும் வரும்போல."

"வரும்."

யாரோ இருமினார்கள். ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. நடுவரிசையில் ஒருவன் சத்தமாகக் கொட்டாவி விட்டான். கிரான்யாவின் முகம் வெளிறிப்போவதை அட்ராக்டா பக்கவாட்டிலிருந்து பார்த்தாள். அடுத்த வரியை எடுத்துக் கொடுக்கலாமென்று பார்த்தால், அடுத்த வரியும் மழைதான்.

கிரான்யா கோப்பையை டக்கென்று மேஜையில் வைத்தாள். மனப்பாடம் செய்ததில் எது முதலில் வாய்க்கு வந்ததோ அது வந்துவிட்டது.

"போய் முட்டை எடுத்துட்டு வாய்யா!"

அல்டன் விழித்தான். ஆனால் இருபது வருஷம் மிஸ் சொன்னதைக் கேட்டு வளர்ந்த நடிகன். எழுந்தான். போர்வையை விலக்கினான். தலையைக் குனிந்து கொட்டகைக்குள் நுழைந்தான். கிரான்யா ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள்.

மண்டபத்தில் அத்தனை பெண்களும் ஒன்றாக மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது.

அட்ராக்டா கண்ணை மூடிக்கொண்டாள். மூடின கண்ணுக்குள் கன்செப்டாவின் டார்ட் தெரிந்தது.

உள்ளே மாட்டிக்கொண்ட அல்டனுக்கு இப்போது எந்த வசனம் என்று குழப்பம். டிரெய்லர் வசனம்தான் நினைவுக்கு வந்தது. "ஏய்! ஏன்டி இது நகருது?" என்று கத்தினான். பொருத்தமாக இருக்கட்டும் என்று கொட்டகையை உள்ளிருந்து உலுக்கினான். கொட்டகை ஆடியது. "எங்கடி என்னைக் கூட்டிட்டுப் போறே? இது சந்தைக்குப் போற வழியாச்சே!"

சிரிப்பு கூரையில் போய் முட்டியது. கிரான்யாவுக்கு அந்தச் சத்தம் தலைக்கேறிவிட்டது. ஏப்ரனைக் கழற்றி வீசினாள். கைப்பையை எடுத்தாள். "நான் பண்டோரனுக்குப் போறேன்! ஐஸ்கிரீம் சாப்பிடப் போறேன்! கேட்டா பல் டாக்டர்கிட்ட போனேன்னு சொல்லு!" என்று கொட்டகையைப் பார்த்து முழங்கிவிட்டு, மேடையை ஒரு சுற்றுச் சுற்றி, ஷூவைக் கழற்றி, இல்லாத கடலில் கால் நனைத்தாள். திரும்பி வந்தவள் பார்வையில் சக்கரம் வைத்த சாய்வு நாற்காலி பட்டது.

"கிரான்யா, வேண்டாம்" என்றாள் அட்ராக்டா திரைக்குப் பின்னாலிருந்து.

"போ உன் டிராக்டர்!" என்று ஒரே தள்ளு. நாற்காலி சக்கரத்தில் உருண்டு, மேடை விளிம்பில் ஒரு கணம் தயங்கி, முன்வரிசைக்கு முன்னால் தடாலென்று விழுந்தது. கிரான்யாவின் அப்பா காலைத் தூக்கிக்கொண்டார்.

அந்தச் சத்தம் அடங்குவதற்குள் நடுவரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றுவிட்டாள். கன்செப்டா.

வந்துவிட்டது என்று நினைத்தாள் அட்ராக்டா.

"ரேடியோ எங்கடி?" என்று கத்தினாள் கன்செப்டா. கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. "ரேடியோவை விட்டுட்டியே! ஜன்னல்ல வச்சேன், கூச்சல் மட்டும் கேக்கற மாதிரி! ஸ்கோர் கேக்காத மாதிரி! அதுதானே அதுல விசேஷமே!"

மண்டபம் முழுக்க டொமினிக்கைத் திரும்பிப் பார்த்தது. டொமினிக்கின் காது செங்கல் நிறத்துக்கு வந்தது.

"அப்ப நீ அந்த கோலைப் பார்க்கவே இல்லையா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

டொமினிக் எழுந்தான். கோட்டைக் கீழே இழுத்துச் சரிசெய்தான். "பார்க்காமலே பதினோரு வருஷம் உங்க எல்லாரையும் வாதத்துல ஜெயிச்சிருக்கேன். பார்த்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுக்குங்க" என்றான்.

கைதட்டல் நிற்க வெகு நேரமாயிற்று. அல்டனைக் கொட்டகையிலிருந்து வெளியே விட எல்லோரும் மறந்துவிட்டார்கள். அவனே கதவைப் பெயர்த்துக்கொண்டு வந்து தலைவணங்கினான்.

நாடகம் முடிந்து மண்டபத்தின் பின்பக்கம் தேநீரும் சாண்ட்விச்சும் கொடுத்தார்கள். அட்ராக்டா ஒரு கோப்பையைப் பிடித்தபடி சுற்றி வந்தாள். யாரும் அவளைத் திட்டவில்லை. திட்ட யாருக்கும் நேரமில்லை.

"வண்டி அவ்வளவு ஆடலை" என்று வின்னி ஒரு கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தாள், தொப்பி ஒரு பக்கமாகச் சரிந்தது தெரியாமல். "நான் நல்லா ஓட்டுவேன். ஆனா வேகமாப் போனேன், அதை மறைக்கலை." பக்கத்தில் அவள் கணவன், "எம்பத்தேழு கிலோன்னு நான்தான் உள்ளேருந்து பதில் சொன்னேன்" என்று பெருமையாகச் சேர்த்துக்கொண்டான். அல்டனின் மனைவி பெர்னி, ஏரி எவ்வளவு ஆழமென்று கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். கிரான்யாவின் அப்பா பெண்டாட்டியின் தோளைத் தொட்டு, "அப்போ அந்த டாக்டர் உன்னை ஒண்ணும் பண்ணலையா?" என்று நாலாவது முறையாகக் கேட்டார். "திங்கக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன், வாங்க" என்றாள் அவள்.

கன்செப்டாவைச் சுற்றித்தான் பெரிய கூட்டம். அவள் ரேடியோவின் குமிழை எவ்வளவு திருகினாள் என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்ததும் அட்ராக்டாவுக்குச் சுருக்கென்றது. பிரீஜும் அப்படித்தானே சொன்னாள்? அதே ஜன்னல், அதே கூச்சல். ஆனால் பிரீஜ் அந்தக் கூட்டத்தின் பக்கமே போகவில்லை. தேநீர்ப் பாத்திரத்தின் பக்கத்தில், காதோரம் சிவந்து, எல்லோரும் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்தபடி கோப்பைகளை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

அட்ராக்டா போய் அவள் கையைப் பிடித்தாள். "நீ ஒண்ணுமே சொல்லிக்கலையே பிரீஜ்."

"அவங்க சந்தோஷமா இருக்காங்க மிஸ். இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் பிரீஜ். "உங்களுக்குச் சர்க்கரை போடட்டுமா?"

ஊரே நான், நான் என்று மார்தட்டுகிறது. கதையைச் சொன்னவள் தன் பெயரைக்கூட எடுக்காமல் தேநீர் ஊற்றுகிறாள். எப்பேர்ப்பட்ட மனசு! சத்தியம் சத்தியம்தான், ஆனால் கொட்டகையில் கிடந்தவனே மாலக்கிதானே; அவனிடமாவது ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் தன் மனசு ஆறாது என்று பட்டது. ஆறு மாதமாக அந்த மனுஷனைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறாள். இன்று ஊரார் முன்னால் அவனுடைய கஷ்டத்தைக் கேலிக்கூத்தாக வேறு ஆக்கிவிட்டாள்.

மாலக்கி ஜன்னலோரம் நின்று முட்டை சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அட்ராக்டா அவன் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"மாலக்கி, என்னை மன்னிச்சுக்கணும். அந்தக் கோழிக்கொட்டகை விஷயத்துல உங்களை ரொம்ப நோகடிச்சுட்டேன். பிரீஜ் மேலயும் கோவப்படாதீங்க. மழையில நனைஞ்சு போய் உக்காந்த என்மேல இரக்கப்பட்டு அவ மனசு திறந்து சொன்னது அது."

மாலக்கி சாண்ட்விச்சை விழுங்கிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு தேநீர்ப் பாத்திரத்தின் பக்கம் திரும்பி, பெண்டாட்டியைப் பார்த்து முகமெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

"எங்க வீட்ல ஏது மிஸ் கோழி? இறக்கை படபடன்னு அடிச்சாலே இவ பயந்துபோய்க் கதவைச் சாத்திக்குவா. மேட்ச் பத்திப் பேசலாம்னு போய் அன்னிக்கு டொமினிக்கைக் கொட்டகையிலேர்ந்து திறந்துவிட்டதே நான்தான்; வீட்டுக்கு வந்து இவகிட்ட மட்டும்தான் சொன்னேன், அதைத் தனக்கே நடந்த மாதிரி எவ்வளவு அழகா சொல்லியிருக்கா பாத்தீங்களா!"